மீட்டர் போட்ட மல்பெரி ஜூஸ்

கறையக்கா ஒரு சட்டையைக் கையில் எடுத்தால் முதலில் கண்ணால் பார்க்க மாட்டாள், மூக்கால்தான் பார்ப்பாள். லாண்டரியின் பின்பக்கம், ஜன்னலோரம், தகடு அடித்த மேஜை ஒன்று. அதன்மேல் வினிகர், அமோனியா, பெராக்சைடு, வெள்ளை பெட்ரோல், தேய்ந்துபோன ஒரு டூத் பிரஷ், மழுங்கிய ஒரு கரண்டி. முப்பத்தொரு வருஷமாக ஊரில் யார் எதை மேலே கொட்டிக்கொண்டாலும் கடைசியில் அது அந்த மேஜைக்குத்தான் வந்து சேரும். முதலாளி உட்பட எல்லாருக்கும் அவள் அக்காதான். முதலாளி அவளைவிட ஒன்பது வயது மூத்தவர் என்பதை அவரே மறந்து பல காலமாகிறது.

ஒருவர் சட்டையை நீட்டி, "தக்காளி சாஸ் கொட்டிடுச்சுங்க" என்பார். கறையக்கா அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல், "சரிங்க, தக்காளி சாஸ்" என்று சீட்டில் எழுதிக்கொள்வாள். பிறகு உள்ளே கொண்டுபோய் லிப்ஸ்டிக்குக்கு உண்டான மருந்தைப் போட்டு எடுத்துவிடுவாள். இன்னொருவர் காபி என்று சொல்லிக் கொடுத்த கோட்டில் காபி இருக்காது, வேறு சரக்கு இருக்கும். ஊரின் பாதி ரகசியம் அவள் மூக்கு வழியாகத்தான் போயிற்று. ஆனால் ஒருவரிடமும் அவள் வாயைத் திறந்ததில்லை, இஸ்திரி அண்ணனைத் தவிர. இஸ்திரி அண்ணன் பக்கத்து மேஜைக்காரர். அவரிடம் சொல்வது சுவரிடம் சொல்வது மாதிரி என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அந்தச் சுவரில் எத்தனை ஜன்னல் இருந்தது என்பது ஊருக்குத்தான் தெரியும்.

அவள் வீட்டுக்காரர் மின்சார ஆபீஸில் மீட்டர் ரீடிங் எடுத்தவர். வேலை போலவே பேரும் மீட்டர் என்று ஆகிவிட்டது. முப்பத்தைந்து வருஷம் வீடு வீடாகப் போய், பின்வாசல் வழியாக நுழைந்து, மீட்டரை எட்டிப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தவர். எந்த வீட்டில் எந்த மரம், எந்த வீட்டில் எந்த நாய் என்பதெல்லாம் அத்துப்படி. நான்கு முறை நாய் கடித்திருக்கிறது. அதில் இரண்டு முறை ஒரே நாய்.

அவர் ஓய்வு பெற்றார். முதல் மாதம் வீட்டிலிருந்த சாமான்களையெல்லாம் கழற்றி ரிப்பேர் செய்தார். இரண்டாவது மாதம் கறையக்கா ஆள் கூப்பிட்டு அதையெல்லாம் ரிப்பேர் செய்தாள். மூன்றாவது மாதம் மல்பெரி வந்து சேர்ந்தது.

ஊரில் மல்பெரி மரத்துக்குப் பஞ்சமில்லை. பழம் கொத்துக் கொத்தாகக் காய்த்து, கறுத்து, விழுந்து, மிதிபட்டுக் கிடக்கும். யாரும் சீண்ட மாட்டார்கள். மீட்டர் ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக்கொண்டு பழைய பாதையிலேயே கிளம்பினார். பழைய பழக்கத்தில் பின்வாசல் வழியாகத்தான் போனார். "கரண்ட் பில்லா?" என்று வீட்டுக்காரர்கள் பதறிக்கொண்டு வந்தார்கள். "இல்லங்க, பழம்" என்றதும் நிம்மதியில் ஏணியே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அன்று கறையக்கா வேலை முடிந்து வீட்டுக்குள் காலை வைத்தபோது சமையலறையில் கொலை நடந்த மாதிரி இருந்தது. மேடை ஊதா. தரை ஊதா. மிக்ஸியின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று மீட்டருக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை போலும், கூரையிலும் ஊதா. நடுவில் அவர் நின்றுகொண்டு வெள்ளைத் துணிப்பை ஒன்றைப் பிழிந்துகொண்டிருந்தார். முழங்கை வரைக்கும் சாறு வழிந்தது.

"இது என்னங்க?"

"வடிகட்டி."

"இது என் தலையணை உறை."

"இப்ப வடிகட்டி."

நாள் முழுக்க ஊரான் கறையோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தவள் அவள். சொந்த வீட்டுச் சமையலறையைப் பார்த்ததும் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆனால் மனுஷன் ஒரு டம்ளரை நீட்டினார். முகத்தில் அப்படி ஒரு ஆசை. வாங்கிக் குடித்தாள். சத்தியமாக நன்றாகத்தான் இருந்தது. காம்பு கிள்ளிய பழம், அளவான சர்க்கரை, அரை எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு, இரண்டே இரண்டு கிராம்பு தட்டிப் போட்டது. இனிப்பு முதலில் வந்து, புளிப்பு பின்னால் வந்து, கடைசியில் கிராம்பு மெல்ல எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

"பரவாயில்ல" என்றாள். அவள் வாயிலிருந்து பரவாயில்லை என்று வந்தால் அது பெரிய விருது.

விருது தலைக்கேறிவிட்டது. மறுவாரம் நான்கு கிராம்பு. அதற்கடுத்த வாரம் பத்து. பிறகு எண்ணிக்கையே கிடையாது. டப்பாவைக் கவிழ்த்துத் தட்டுவதுதான் அளவு. ஒரு டம்ளர் குடித்தால் நாக்கு மரத்துப்போய், தன் பேரையே உளறித்தான் சொல்ல வேண்டிவந்தது.

"கிராம்பு தூக்கலா இருக்குங்க."

"உன் மூக்கு ஊருல இல்லாத மூக்கு. சாதாரண மனுஷங்களுக்கு இதுதான் அளவு."

"சாதாரண மனுஷங்க செத்துப்போவாங்க."

"எதிர்வீட்டு டீச்சர் ரெண்டு பாட்டில் கேட்டாங்க. தெரியுமா?"

அது உண்மைதான். எதிர்வீட்டு டீச்சருக்கு வாரம் ஒரு பாட்டில் போயிற்று. இஸ்திரி அண்ணனுக்கு ஒரு பாட்டில். லாண்டரி முதலாளிக்கு ஒரு பாட்டில். மூன்று பேரும் பார்க்கும்போதெல்லாம் "பிரமாதம்" என்றார்கள். கறையக்காவுக்கே ஒரு கட்டத்தில் சந்தேகம் வந்துவிட்டது, ஒருவேளை தன் மூக்கில்தான் கோளாறோ என்று.

ஒரு செவ்வாய்க்கிழமை மாட்டு ஆஸ்பத்திரி மூட்டை வந்தது. வாராவாரம் வருவதுதான். மாட்டு டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டுகள் நான்கைந்து, சாணி, ரத்தம், ரோமம் என்று ஒரு தொழுவமே அடங்கிய மூட்டை. கறையக்கா ஒவ்வொன்றாகப் பிரித்தாள். மூன்றாவது கோட்டில் நெஞ்சிலிருந்து பாக்கெட் வரைக்கும் ஊதாவாக ஒரு பெரிய கறை.

மோந்தாள். மல்பெரி. எலுமிச்சை. அதற்கு மேல், ஆளைத் தூக்கி அடிக்கிற மாதிரி, கிராம்பு.

ஊரில் மல்பெரி யார் வேண்டுமானாலும் தின்னலாம். ஜூஸ்கூடப் போடலாம். ஆனால் இந்த அளவுக்குக் கிராம்பு போடும் பாவி ஒரே ஒருவர்தான் உண்டு. அவர் அன்று காலையில்தான் அவள் கையால் காபி வாங்கிக் குடித்துவிட்டுப் போயிருந்தார்.

டாக்டரம்மாவுக்கு இவர் ஜூஸ் கொடுப்பதாக ஒரு நாளும் சொன்னதில்லை. டீச்சருக்குக் கொடுத்தேன், முதலாளிக்குக் கொடுத்தேன் என்று பாட்டில் பாட்டிலாகப் பீற்றிக்கொள்கிற மனுஷன், இந்த ஒரு பாட்டிலை மட்டும் ஏன் விழுங்கினார்?

"என்னக்கா, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றார் இஸ்திரி அண்ணன்.

"ஒண்ணுமில்ல."

அவர் எட்டிப் பார்த்தார். "மாட்டு டாக்டரம்மா கோட்டா? நல்ல பொம்பள. தனியாத்தான் இருக்காங்க, பாவம்."

"அதுக்கு இப்ப என்ன?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மா சொன்னேன்."

சும்மா சொன்னதுதான் போய்க் குத்தியது. கறையக்காவுக்கு அந்தக் கோட்டை அப்படியே சுருட்டித் திருப்பி அனுப்பிவிடலாமா என்று இருந்தது. இந்தக் கறையோடவே அலையட்டும், ஊர் பார்க்கட்டும். ஆனால் முப்பத்தொரு வருஷ கௌரவம் குறுக்கே வந்து நின்றது. புருஷன் போனாலும் போகட்டும், கறை போகாமல் இருக்கக் கூடாது.

கோட்டை ஒரு பாத்திரத்தின் வாயில் முரசு மாதிரி இழுத்துக் கட்டி, கொதிக்கிற தண்ணீரை ஓராள் உயரத்திலிருந்து ஊற்றினாள். பாதி போயிற்று. வினிகர் தொட்டாள். இன்னும் கொஞ்சம் போயிற்று. பாக்கெட் ஓரத்தில் மட்டும் நீலமாக ஒரு நிழல் பிடிவாதம் பிடித்தது. சாப்பாட்டு இடைவேளையில் தெருமுனை மரத்துக்குப் போய்ப் பச்சை மல்பெரிக் காயாகப் பார்த்து ஒரு கைப்பிடி பறித்து வந்தாள். காயை நசுக்கித் தேய்த்தால் பழத்தின் கறை விட்டுவிடும். இது அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மேஜைவிரிப்பைக் கெடுத்துக் கற்றுக்கொண்டது. தேய்த்தாள். நிழலும் போயிற்று. தேய்த்த வேகத்தில் ஒரு பட்டனும் போயிற்று.

சாயங்காலம் வீட்டில் விசாரணை ஆரம்பமானது.

"இன்னிக்கு எங்க போனீங்க?"

"பழம் பறிக்க."

"போன வியாழக்கிழமை?"

"அன்னிக்கும் பழம்தான்."

"எந்தப் பக்கம்?"

"வடக்குப் பக்கம்."

வடக்குப் பக்கம் மல்பெரி மரமே கிடையாது. வடக்குப் பக்கம் இருப்பது பஸ் டெப்போ, மரக்கடை, மாட்டு ஆஸ்பத்திரி. கறையக்கா மேற்கொண்டு கேட்கவில்லை. வேறு சில விஷயங்கள் தாமாகவே வரிசையில் வந்து நின்றன. மற்ற நாளெல்லாம் பனியனோடு பழம் பறிக்கப் போகிறவர் வியாழக்கிழமை மட்டும் இஸ்திரி போட்ட சட்டை போடுகிறார். தலையைப் படிய வாரிக்கொள்கிறார். கண்ணாடியில், இந்த வயதில், மூக்கை இப்படியும் அப்படியும் திருப்பி அழகு பார்க்கிறார். நாலு வாரமாக இது நடக்கிறது. ஊராரின் சட்டைக் காலரில் முடி தேடியவள், தன் வீட்டுச் சட்டையை மோந்து பார்க்கவில்லை.

வியாழக்கிழமை வந்தது. முதலாளியிடம் போய், "மாட்டு ஆஸ்பத்திரி துணியை நானே குடுத்துட்டு வர்றேன்" என்றாள். முப்பத்தொரு வருஷத்தில் துணி கொடுக்க அவள் படியிறங்கியதில்லை. முதலாளி வாயைத் திறந்தார், அவள் முகத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

மாட்டு ஆஸ்பத்திரியின் முன்அறையில் ஒரு பெஞ்சு. அதில் காலில் கட்டுப்போட்ட நாயோடு ஒரு பெண், ஆட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள், கூடைக்குள் ஒரு வான்கோழி. கறையக்கா துணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு வான்கோழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. டாக்டரம்மாவின் குரல் மாட்டையும் அதட்டிப் பழகிய குரல். கதவு அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

"தலையை நல்லா பின்னாடி சாய்ங்க. அப்படித்தான். பயப்படாதீங்க."

"கூச்சமா இருக்கு டாக்டர்."

அந்தக் குரலோடுதான் கறையக்கா இருபத்தெட்டு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறாள்.

"என்ன கூச்சம்? இத்தனை நாள் வர்றீங்க. கண்ணை மூடிக்குங்க."

ஆட்டுக்காரர் சட்டென்று கூரையைப் பார்த்தார். நாய்க்காரப் பெண் நாயின் காதைப் பொத்தினாள். கறையக்கா எழுந்தாள், நான்கு எட்டில் கதவை அடைந்தாள், தட்டாமல் திறந்தாள்.

மாடு, நாய், பூனையெல்லாம் ஏறி நிற்கும் ஸ்டீல் மேஜையின்மேல் மீட்டர் உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. இஸ்திரிச் சட்டை கசங்காமல் இருக்க முதுகை விறைப்பாக வைத்திருந்தார். நாய்க் காதுக்குள் அடித்துப் பார்க்கும் டார்ச் அவருடைய வலது மூக்கில் சொருகியிருந்தது. டாக்டரம்மா ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு மூக்குக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து ஸ்டூலில் ஊதாவாக ஒரு பாட்டில்.

வெளியே வான்கோழி மட்டும் என்னவோ சொல்லிற்று.

"நீ எங்க இங்க?" என்றார் மீட்டர், மூக்கால்.

"கோட்டு குடுக்க வந்தேன். நீங்க எங்க இங்க? தடுப்பூசியா?"

டாக்டரம்மா டார்ச்சை உருவினார். "வீட்டம்மாவா? அப்பாடா! நாலு வாரமாச் சொல்றேன், கூட்டிட்டு வாங்க, கூட்டிட்டு வாங்கன்னு."

"டாக்டர், சொல்லாதீங்க" என்று மீட்டர் கெஞ்சினார்.

"நான் மாட்டு டாக்டர்ங்க. என் பேஷண்டு ரகசியத்தைக் காப்பாத்தணும்னு எனக்கு எந்தச் சட்டமும் கிடையாது." அவர் கறையக்காவின் பக்கம் திரும்பினார். "இவருக்கு வாசனையே தெரியல. மாசக்கணக்கா ஆச்சாம். மூக்குக்குள்ள சதை வளந்து அடைச்சுக்கிட்டு நிக்குது, எனக்கே தெரியுது. நாயா இருந்தா இந்நேரம் நானே மயக்க மருந்து குடுத்து எடுத்திருப்பேன். மனுஷனுக்குச் செஞ்சா என்னைப் பிடிச்சு உள்ள போட்ருவாங்க. மனுஷ டாக்டர்கிட்ட போங்கன்னா கேக்க மாட்டேங்கறார். ஒவ்வொரு வாரமும் இந்த ஜூஸைத் தூக்கிட்டு இங்கயே வர்றார்."

கறையக்கா என்ன கேட்பது என்று தெரியாமல், கேட்க வேண்டாத ஒன்றைக் கேட்டாள். "அந்தக் கோட்டுல கொட்டினது?"

டாக்டரம்மா குரலைத் தாழ்த்தினார். அதாவது தெருவோடு நிற்கிற அளவுக்கு. "தப்பா நினைக்காதீங்க. இவர் போனதும் சிங்க்ல ஊத்தலாம்னு எடுத்துட்டுப் போனேன். ஆடு முட்டிடுச்சு."

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். கறையக்காவுக்கு ஒரு பக்கம் நெஞ்சிலிருந்து கல் இறங்கியிருந்தது. வேறொரு கல் அந்த இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இரண்டு மாதத்துக்கு முன்னால் அடுப்பில் பால் கருகி வீடே புகைந்தபோது, அதற்கு நாலடி தள்ளி உட்கார்ந்து இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "கண்ணுதான் பேப்பர்ல இருக்கு, மூக்கை எங்க அடகு வெச்சீங்க?" என்று அவள்தான் கத்தினாள். அவர் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவரைச் சமையலறை நாற்காலியில் உட்காரவைத்தாள். கையிலிருந்த வேலைப் பையிலிருந்து சின்னச் சின்னச் சீசாக்களை எடுத்து வரிசையாக வைத்தாள்.

"கண்ணை மூடுங்க."

"எதுக்கு?"

"டாக்டரம்மா சொன்னா மட்டும் மூடுவீங்களா?"

மூடினார். வெள்ளை பெட்ரோலை மூக்கடியில் நீட்டினாள். "தண்ணி" என்றார். வினிகரை நீட்டினாள். கொஞ்சம் யோசித்தார். "தண்ணிதான்." அமோனியாவை நீட்டினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. "ஏதோ குத்துது. வாசனை இல்ல, குத்துது." கடைசியாகத் தண்ணீரையே நீட்டினாள். அவர் வெகு நேரம் மோந்தார். நெற்றி சுருங்கியது. "இது... வினிகரா?" என்றார், பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறவனின் குரலில்.

கறையக்கா சீசாவை மூடினாள்.

"எப்பலேர்ந்து?"

"சரியாத் தெரியல. ரிட்டயர் ஆகறதுக்கு முன்னாடியே குறைய ஆரம்பிச்சிடுச்சு. எதைத் தின்னாலும் காகிதம் திங்கற மாதிரி. ஒரு நாள் தெருவுல நடந்து போறப்ப மரத்துலேர்ந்து ஒரு மல்பெரியைப் பறிச்சு வாயில போட்டேன். புளிப்பு சுருக்குன்னு ஏறிச்சு. அது மட்டும் தெரிஞ்சுது. அதான் ஜூஸ் போட ஆரம்பிச்சேன். அப்புறம் அதுவும் பத்தல. கிராம்பு போட்டா நாக்கு எரியுது, எரியறதாவது தெரியுதேன்னு..."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"உன்கிட்டயா? மூக்காலயே ஊரைப் படிக்கிறவ நீ. உன் வீட்டுக்காரனுக்கு மூக்கே இல்லன்னு எப்படிச் சொல்றது?"

"சரி, மாட்டு டாக்டர்கிட்ட ஏன் போனீங்க?"

"நாய் கடிச்சப்பல்லாம் அந்த நாய்க்கு வெறி இருக்கான்னு கேக்க அவங்ககிட்டதான போவேன், அந்தப் பழக்கம். அதோட அவங்க துருவித் துருவிக் கேள்வி கேக்க மாட்டாங்க. அவங்ககிட்ட வர்றவங்க யாரும் இதுவரைக்கும் பதில் சொன்னதில்லையே."

அவள் சிரிக்கவில்லை. அவர் மேஜையிலிருந்த ஊதாக் கறை ஒன்றை நகத்தால் சுரண்டினார்.

"எங்க அண்ணனுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றார். "முதல்ல வாசனை போச்சு. அப்புறம் சாவியை வெச்ச இடம் தெரியல. அப்புறம் அண்ணியையே யாருன்னு கேட்டார். மனுஷ டாக்டர்கிட்ட போனா உனக்கும் அதுதான்னு சொல்லிடுவாங்க. மாட்டு டாக்டர் அதைச் சொல்ல மாட்டாங்கன்னு..."

தான் அழுதுவிட்டால் அவருக்கு இன்னும் பயமாகிவிடும் என்று கறையக்காவுக்குத் தோன்றியது. அதனால் தெரிந்த ஒரே வழியில் போனாள்.

"உங்களுக்கு மறதி வந்தா நல்லதுதான். அந்தக் கிராம்பு டப்பா எங்க இருக்குன்னு முதல்ல மறந்து தொலைங்க. நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம். ரெண்டு காலால நடக்கறவங்களைப் பாக்கற டாக்டர்."

காது மூக்கு தொண்டை டாக்டர் ஒரு இளைஞன். மீட்டரின் மூக்குக்குள் மெல்லிய குழாயை விட்டு, எதிரிலிருந்த டிவியில் காட்டினான். உள்ளே வெளிறிய மணிகள் கொத்தாகத் தொங்கின.

"திராட்சைக் கொத்து மாதிரி இருக்கு பாருங்க" என்றான்.

மீட்டர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். "மல்பெரி மாதிரின்னு சொல்லலாமா?"

"அப்படியும் சொல்லலாம் சார்." தலையையும் ஒருமுறை படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மூளையில் ஒரு கோளாறும் இல்லை, அடைப்பு மூக்கோடு சரி என்றான். கறையக்கா அதை மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். நான்காவது முறை அவன் எழுதியே கொடுத்துவிட்டான்.

ஆபரேஷன் நடந்தது. பத்து நாள் பஞ்சும் சொட்டு மருந்துமாக மீட்டர் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு மீன் மாதிரி உட்கார்ந்திருந்தார். வாசனை உடனே வராது, வந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தான். பதினெட்டாம் நாள் காலையில் அவர் படுக்கையிலிருந்து எழுந்து, "சோப்பு" என்றார்.

"என்ன சோப்பு?"

"பக்கத்து வீட்டுல யாரோ குளிக்கிறாங்க."

கறையக்கா மோந்து பார்த்தாள். ஆமாம், குளிக்கிறார்கள்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. நேராக ஃபிரிட்ஜைத் திறந்தார். ஆபரேஷனுக்கு முன்னால் போட்ட ஜூஸ் ஒரு பாட்டில் பின்வரிசையில் மிச்சமிருந்தது. டம்ளர் நிறைய ஊற்றி, கண்ணை மூடி, மாதக்கணக்கான பசியோடு ஒரு வாய் குடித்தார்.

சிங்க்குக்கு ஓடினார். துப்பினார். கொப்பளித்தார். திரும்பவும் துப்பினார்.

"யாரு போட்டது இது?"

"நீங்கதான்."

"பல் டாக்டர் கொப்பளிக்கக் குடுக்கிற தண்ணி மாதிரி இருக்கு!"

"அதைத்தான் ரெண்டு மாசமா ஊர் வாயில ஊத்தினீங்க."

"எல்லாரும் பிரமாதம்னாங்களே!"

மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு உண்மையைக் கேட்கக் கிளம்பினார். எதிர்வீட்டு டீச்சர் முதலில் மென்று விழுங்கினார். பிறகு வாசலில் இருந்த குரோட்டன்ஸ் தொட்டியைக் காட்டினார். வாராவாரம் அதற்குத்தான் ஊற்றினாராம். "ஆனா ஒண்ணு சொல்லணும், அதுலேர்ந்து பூச்சியே வரல." இஸ்திரி அண்ணனுக்குக் கடைவாய்ப் பல்லில் தீராத வலி, ஒரு மடக்கு வாயில் வைத்தால் நாள் முழுக்க மரத்துப்போகுமாம், அவர் நிஜமாகவே மனசார வாழ்த்தியிருக்கிறார். லாண்டரி முதலாளி தன் மச்சானுக்குக் கொடுத்திருந்தார். ஞாயிறுதோறும் சாப்பாட்டுக்கு வந்துகொண்டிருந்த மச்சான் மூன்றாவது டம்ளருக்குப் பிறகு வருவதை நிறுத்திக்கொண்டாராம். "இன்னும் ரெண்டு பாட்டில் இருக்குமா?" என்று முதலாளி கேட்டார். "இப்ப மச்சான் தன் பெண்டாட்டியை மட்டும் அனுப்பறாரு."

மூக்கு திறந்ததோடு கறையக்காவின் நிம்மதி மூடிக்கொண்டது. மாதக்கணக்கில் மோந்து பார்க்காமல் விட்டதையெல்லாம் மீட்டர் வட்டியும் முதலுமாக மோந்து பார்க்க ஆரம்பித்தார். சாக்கடை நாறுகிறது என்றார். புதுத் துடைப்பம் நாறுகிறது என்றார். பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் தலை எண்ணெயைப் பற்றி அவரிடமே கருத்துச் சொன்னதில், மீட்டரையும் கறையக்காவையும் பாதி வழியில் இறக்கிவிட்டார்கள். கறையக்கா மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டு, "எடுத்த சதையைத் திரும்ப வைக்க முடியுமா தம்பி? கொஞ்சமா வெச்சாலும் போதும்" என்று கேட்டாள்.

ஒரு நாள் அவள் தட்டு வைக்கும்போது அவர் அவள் கையைப் பிடித்து மோந்தார்.

"உன் கை எப்பவும் இப்படித்தான் நாறுமா?"

"முப்பத்தொரு வருஷமா நாறுது."

"எனக்குத் தெரியவே இல்லையே."

"இப்பதான மூக்கு போச்சு? அதுக்கு முந்தி நல்லாத்தான இருந்துச்சு? அப்பல்லாம் ஏன் சொல்லல?"

அவர் யோசித்தார். "அப்ப உன்கிட்ட பயம்."

"இப்ப?"

"இப்பவும் பயம்தான். ஆனா வாசனை தெரியற சந்தோஷத்துல வாய் தவறிடுச்சு." கையை விடவில்லை. "அமோனியா, அதுக்கு அடியில வினிகர், அதுக்கும் அடியில ஏதோ சோப்பு. சரியா?"

"சரி" என்றாள். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. யாரும் அவசரப்படவில்லை.

அதற்குள் மல்பெரிக் காலம் முடிந்துவிட்டது. அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருந்து, முதல் பழம் கறுத்த வாரமே மீட்டர் வாளியோடு கிளம்பினார். அந்த வருஷம் மரங்கள் காய்த்துத் தள்ளின. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையலறைத் தரையில் பேப்பரை விரித்து, இரண்டு பேரும் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். அவர் கத்திரியால் காம்பு நறுக்கும் வேகத்தைப் பார்த்தால் அடுத்த பருவம் வந்துவிடும் போலிருந்ததால், கறையக்கா கத்திரியைப் பிடுங்கிக்கொண்டாள். மிக்ஸி வேண்டாம் என்று முடிவாயிற்று. கையால் பிசைந்து, அவள் வாங்கி வைத்திருந்த வடிகட்டியில் இரண்டு தரம் வடித்தார்கள். சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துத் தனியாக வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். எலுமிச்சை பிழியும்போது இதற்குமேல் ஒரு சொட்டு வேண்டாம் என்று அவர் சொன்னார், இன்னும் இரண்டு சொட்டு வேண்டும் என்று அவள் சொன்னாள். இந்தத் தடவை இரண்டு மூக்குமே நல்ல மூக்கு என்பதால் சண்டை கால் மணி நேரம் நீண்டது. ஒரு சொட்டில் சமாதானம் ஆயிற்று.

மீட்டர் டம்ளரில் ஊற்றி ஐஸ் போட்டு நீட்டினார். கறையக்கா இரண்டு டம்ளர் குடித்தாள். மூன்றாவதைக் கேட்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

"மிச்சம் கெட்டுப்போயிடும்" என்று டம்ளரை நீட்டினாள். "ஊத்துங்க."